ஒரே குரல், நான்கு காது

கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உறையின் கனத்தைப் பார்த்துவிட்டுத் தபால்காரர், "இன்னாம்மா, பிரான்சையே மடிச்சு அனுப்பிட்டாரா உங்க புள்ள?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பக்கம். அதில் உன் கல்யாணத்துக்கு ஒரு பக்கம், உன் சமையலுக்கு ஒரு பக்கம், மீதி ஏழு பக்கமும் கம்ப்யூட்டர். கட்டிக்கொள்ளப் போகிறவள் உயரமா குள்ளமா, சோறு சாப்பிடுவாளா, கோபம் வந்தால் கத்துவாளா இல்லை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாளா என்று ஒரு வரி கிடையாது. பெயரை மட்டும் எழுதியிருக்கிறாய். அந்தப் பெயரையும் எப்படி உச்சரிப்பதென்று தெரியாமல் அடுத்த தெருவில் பிரெஞ்சு தெரிந்த மதாமிடம் கொண்டுபோய்க் காட்டிச் சொல்லக் கற்றுக்கொண்டேன். மூன்று நாளாக அடுப்படியில் நின்று அதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். இப்போது வாய்க்குப் பழகிவிட்டது. நல்ல பெயர்தான்.

நான் கல்யாணத்துக்கு வர முடியாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், என் முழங்காலுக்கும் தெரியும். அதற்காக அழுது எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். ஆனாலும் சொல்கிறேன், உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. பெரிய மார்க்கெட்டுக்குப் போனால் கை தானாகச் சங்கரா மீனை எடுத்துவிடுகிறது. எனக்குச் சங்கரா பிடிக்காது என்று உனக்குத் தெரியும். மீன்காரம்மா ஒவ்வொரு தடவையும், "இன்னாக்கா, பையன் வந்துட்டானா?" என்று கேட்கிறாள். "இன்னும் இல்லடி" என்று சொல்லிவிட்டு, எடுத்ததைத் திருப்பி வைக்க மனசு வராமல் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்து வீட்டில் கொடுக்கிறேன். பாண்டிச்சேரியில் நம் சாரம் பகுதியிலேயே சும்மா மீன் கிடைக்கிற ஒரே வீடு அவர்களுடையதாகத்தான் இருக்கும். நீ போய் நாலு வருஷம் ஆகிறது.

சரி, உன் ஏழு பக்கத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குப் புரியாது என்று நினைத்துக் கட்டம் கட்டமாகப் படம் வேறு போட்டிருக்கிறாய். டேய், டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். நீ பிறப்பதற்கு முன்னாலேயே ஊருக்கு ஊர் குரலை அனுப்பிக்கொண்டிருந்தவள். மூன்று தடவை படித்தேன், புரிந்தது. ஒரு கம்ப்யூட்டர் ஒரே சேதியைப் பல கம்ப்யூட்டர்களுக்கு அனுப்ப வேண்டும். இப்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நகலாக அனுப்புகிறார்கள், அதனால் ஒரே சேதியே திரும்பத் திரும்பப் போய்ப் பாதை முழுக்க அடைத்துக்கொள்கிறது. நீ சொல்லும் வழியில் சேதி ஒன்றே ஒன்றுதான் கிளம்பும், பாதை பிரிகிற இடத்தில் மட்டும் இரண்டாகும். இதுவரைக்கும் சுலபம். வாங்குகிறவர்கள் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் உன் தலைவலி. ஒருத்தருக்குப் போவது பேச்சு, அது கொஞ்சம் தாமதமானாலும் உதவாது. இன்னொருத்தருக்குப் போவது கணக்கு, அது மெல்லப் போனாலும் பரவாயில்லை, ஓர் எழுத்துகூட விடுபடக் கூடாது. ஒருத்தர் வீட்டுப் பாதை அகலம், இன்னொருத்தர் வீட்டுப் பாதை சந்து. ஒரே சேதியைப் பலருக்கும் கொடுத்து, அவரவருக்கு வேண்டிய தரத்தையும் கெடாமல் கொடுக்க வேண்டும். அதுதானே?

எங்கள் காலத்தில் இதற்கு ஆராய்ச்சி எல்லாம் கிடையாது. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை போன் கால். லைட்னிங் வந்தால் எல்லாரும் வழிவிட வேண்டும். ஆர்டினரி கேட்டவர் காலையில் புக் செய்தால் மத்தியானம் வரைக்கும்கூடக் காத்திருப்பார், "இன்னும் லைன் கெடைக்கலியாம்மா?" என்று நடுநடுவே கெஞ்சுவார். ஒருத்தருக்குச் சீக்கிரம் கொடுத்தால் இன்னொருத்தருக்குத் தாமதமாகும், அது எங்களுக்கெல்லாம் கைப்பழக்கமாகவே தெரியும். லைன் மோசமாக இருந்தால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கவில்லையென்றால், நடுவில் இருக்கிற ஆபரேட்டர் வாங்கி வாங்கிச் சொல்ல வேண்டும். "உங்களுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்காம்." "ஞாயித்துக்கெழம ரயிலுக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்றாரு." இப்படி ஊர் பேர் தெரியாத எத்தனையோ குடும்பங்களின் நல்லது கெட்டது என் வாய் வழியாகத்தான் போயிருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

உன் கடிதத்தில் நான்காம் பக்கத்தில் ஒரு கதை எழுதியிருக்கிறாய். உன் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரிடமும், "இத மொதல்ல செஞ்சது எங்க அம்மாதான்" என்று சொல்லி, நான் ஒரே டிரங்க் காலை மூன்று வீட்டுக்குச் சேர்த்துக் கொடுத்த கதையை அவிழ்த்துவிட்டாயாம். அவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். நம் வீட்டு விசேஷங்களில் உன் அத்தை வாயால் அந்தக் கதை எத்தனை தடவை வந்திருக்கும்! நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதைப் படித்தபோதுகூடச் சிரித்தேன். ஆனால் ஆறாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. சேதி வாங்கினவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் 'கிடைச்சுது, கிடைச்சுது' என்று பதில் அனுப்பினால் அனுப்பினவன் அந்தப் பதில்களிலேயே மூழ்கிப்போவான், அதனால் நீ ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாய்: கிடைக்காதவர் மட்டும் கேட்கட்டும், சத்தம் இல்லையென்றால் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். இதைப் படித்ததும் கடிதத்தை மடித்து அரிசி டப்பா மேல் வைத்துவிட்டேன். அடுத்த நாள்தான் மறுபடி எடுத்துப் படித்தேன்.

அந்தக் கதையை இப்போது நான் சொல்கிறேன், கேள். நீ சொல்கிற கதையில் பாதிதான் இருக்கிறது.

உனக்குப் பத்து வயது. உன் அப்பா ஃபிட்டராக இருந்த பஞ்சாலையை மூடிவிட்டார்கள். அவர் பம்பாய்க்குப் போய், துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கிற பட்டறையில் சேர்ந்தார். நம்மையும் வரச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். நிரந்தர வேலை, நானே பரீட்சை எழுதி வாங்கினது, அதை விட்டுவிட்டுத் தெரியாத ஊரில் போய் அவர் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தெம்பில்லை. "வேலையா நானா, ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்று கேட்டார். "அப்படியெல்லாம் கேக்காதீங்க, அப்புறம் வேலைதான்னு சொல்லிடுவேன்" என்றேன். நான் எவ்வளவு வாயாடி என்று உனக்குத் தெரியுமே. அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அங்கிருந்து ஆர்டினரி டிரங்க் கால் புக் செய்வார், மூன்று நிமிடம்.

அந்த மூன்று நிமிடம் யாருக்கு என்பதில்தான் குடும்பமே இரண்டுபட்டது. நம் வீட்டில் போன் இல்லை. அடுத்த தெருவில், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த சொல்தா முசியே வீட்டில்தான் உண்டு. முதல் மாதம் அங்கே கூப்பிட்டு உன்னிடம் பேசினார். அது காரைக்காலில் இருந்த உன் அத்தைக்குத் தெரிந்ததும், "கூடப் பொறந்தவளுக்கு ஒரு வார்த்த பேச நேரமில்ல அவனுக்கு" என்று கண்ணைக் கசக்கினாள். இரண்டாம் மாதம் அத்தை வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடைக்குக் கூப்பிட்டார். உடனே லாஸ்பேட்டையில் காலேஜ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த உன் பெரியப்பா, மூன்று வாரம் என்னைத் தெருவில் பார்த்தும் சைக்கிளை நிறுத்தாமல் போனார். மூன்றாம் மாதம் பெரியப்பாவின் ஆபீசுக்குக் கூப்பிட்டார். அந்தச் சனிக்கிழமை நீ இஸ்திரி போட்ட சட்டையோடு முசியே வீட்டு நாற்காலியில் பத்து மணிக்கே போய் உட்கார்ந்து, ஒரு மணிக்கு எழுந்து வந்தாய். வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாய்.

அன்றைக்குத்தான் யோசனை வந்தது. நான் வயர் சொருகுகிற போர்டின் ஓரத்தில் லைன் சரிபார்க்க வருகிற மெக்கானிக்குகளுக்காக நாலு துளைகள் உண்டு, நாலும் உள்ளுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். ஒன்றில் வருகிற குரல் மற்ற மூன்றிலும் போகும். ஒரு கால் வரட்டும், மூன்று இடத்துக்கும் கொடுத்துவிடலாம், யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது என்று கணக்குப் போட்டேன். சட்டப்படி தப்பு, தெரிந்தேதான் செய்தேன். காரைக்கால் எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண்ணிடம் சொன்னபோது, "அக்கா, மாட்டினா ரெண்டு பேருக்கும் வேல போயிடும்க்கா" என்று பயந்தாள். "மாட்ட மாட்டோம்டி, மூணே நிமிஷம்" என்று சொல்லி அவளை வழிக்குக் கொண்டுவந்தேன். அத்தைக்குக் கடிதம் போட்டேன், பெரியப்பாவிடம் நேரில் சொன்னேன், அடுத்த மாதச் சனிக்கிழமை உன்னை மறுபடி சட்டை மாட்டி அனுப்பினேன். உன் அப்பாவுக்கு மட்டும் சொல்லவில்லை. அவர் ஆச்சரியப்படட்டும் என்று இருந்துவிட்டேன்.

பதினொன்றரை மணிக்கு மெட்ராஸ் ஆபரேட்டர், "பாண்டி, பம்பாய் கால். உங்க வீட்டுக்காரருதான், எடுத்துக்கங்க" என்றாள். சூப்பர்வைசர் காபி குடிக்கப் போயிருந்தார். நான் முதல் வயரை முசியே வீட்டுக்குச் சொருகினேன். உன் அப்பாவின் "ஹலோ" பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருந்தது. இரண்டாவது வயரைப் பெரியப்பாவுக்குச் சொருகினேன், குரல் பாதியானது. மூன்றாவதைக் காரைக்காலுக்குச் சொருகினேன், கிணற்றுக்குள் போய்விட்டது. ஒரு டம்ளர் காபியை மூன்று பேருக்கு ஊற்றினால் ஆளுக்கு எவ்வளவு வரும்? அதேதான். இத்தனை வருஷம் அந்த போர்டின் முன்னால் உட்கார்ந்தவளுக்கு அது முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும். ஆசையில் தோன்றவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் நீ சொல்லிச் சிரிக்கிற கதை. அத்தை, "தம்பீ, சாப்ட்டியாடா?" என்று காரைக்கால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். பெரியப்பா, "யாரும்மா அது நடுவுல? லைன விடும்மா" என்றார். "நீ யாருய்யா என்ன விடச் சொல்றதுக்கு?" என்றாள் அத்தை. கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் தெரியாமல் ஒன்றரை நிமிடம் சண்டை போட்டார்கள். பெரியப்பா போலீசில் சொல்வேன் என்றார். அத்தை, "சொல்லிக்கோ போ" என்றாள். இதை அவள் நடித்துக் காட்டும்போது சிரிக்காதவர்கள் கிடையாது.

அந்தச் சண்டைக்குக் கீழே உன் அப்பா பேசிக்கொண்டிருந்தார். அது அத்தைக்குக் கேட்கவில்லை, பெரியப்பாவுக்குக் கேட்கவில்லை, உனக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நூறு இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரலைத் தனியாகப் பிரித்து எடுக்கிற காது அப்போது எனக்கு இருந்தது. இன்றைக்கு ஹெட்செட் மாட்டின அந்த இடது காது போய்விட்டது, ஆனால் அன்று கேட்டது ஒரு எழுத்து மாறாமல் உள்ளே இருக்கிறது. முதல் வயரைச் சொருகினபோது வந்த உன் "ஹலோ"வை வைத்து, நீ தனியாக லைனில் இருக்கிறாய் என்று அவர் நினைத்துக்கொண்டார்; மற்றச் சத்தமெல்லாம் அவர் பக்கம் வெறும் இரைச்சலாகத்தான் போயிருக்கும். அவர் சொன்னது இதுதான்:

"கண்ணு, அம்மா வேலைய விட்டுட்டு வரமாட்டா, அது அவ இஷ்டம், அவமேல எனக்குக் கோவமில்ல. நீ எங்கூட வந்துடுறியா? ரூம் எடுத்துட்டேன். ஜன்னலத் தெறந்தா கப்பல் தெரியும். பக்கத்துலயே தமிழ் ஸ்கூல் இருக்கு, பேசி வச்சுட்டேன். சாயங்காலம் ஆனா பட்டறைக்கு வா, மோட்டார் எல்லாம் பிரிச்சுக் காட்டறேன். லீவுக்கு லீவு அம்மாகிட்ட கொண்டாந்து விட்டுடுவேன். தனியா இருக்க முடியலடா. வர்றியா கண்ணு?"

கேட்டுவிட்டு நிறுத்தினார். நீ, "அப்பா, கேக்கலப்பா, ஹலோ, ஹலோ" என்றாய். அது எனக்கு வந்தது, அவருக்குப் போய்ச் சேரவில்லை. "வர்றியா?" என்று மறுபடி கேட்டார். நீ மறுபடி "ஹலோ" என்றாய். மூன்றாவது தடவையும் கேட்டார்.

கண்ணு, அந்த நேரத்தில் உங்கள் இரண்டு பேரின் குரலும் தெளிவாகக் கேட்டவள் நான் ஒருத்திதான். என் வலது கை வயர்கள் மேலேயே இருந்தது. பெரியப்பா வயரையும் காரைக்கால் வயரையும் பிடுங்கியிருந்தால் போதும், அவர் குரல் உன் காதில் முழுசாக விழுந்திருக்கும். பிடுங்க முடியாவிட்டாலும், வேறு யாருக்கோ செய்வதுபோல, "அப்பா உன்ன பம்பாய்க்கு வர்றியான்னு கேக்கறாரு" என்று வாங்கிச் சொல்லியிருக்கலாம். அதுதானே என் வேலை? அதற்குத்தானே எனக்குச் சம்பளம்? ஊரில் உள்ளவனுக்கெல்லாம் சொன்னவள், பெற்ற பிள்ளைக்குச் சொல்லவில்லை. கை அசையவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் முடிந்ததும் ஆபரேட்டர் குரலில், "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுங்களா?" என்று உன் அப்பாவைக் கேட்டேன். அவருக்கு என் குரல் தெரியாதா? "வேணாம்மா. அவனுக்கு இஷ்டமில்ல போல" என்றார். வயர்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். அடுத்த கால் வந்திருந்தது, அதை எடுத்துப் பேசினேன்.

வீட்டுக்கு வந்தபோது நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். "அப்பா எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலம்மா. அத்தகிட்டதான் பேசினாரு" என்றாய். "லைன் சரியில்லடா" என்று சொன்னேன். அது பொய்யில்லை, அதனால் சுலபமாக வந்தது. பொய்யைப் பத்து நாள் கழித்துச் சொன்னேன். உன் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது, 'போன்ல கேட்டதுக்குப் பையன் பதில் சொல்லல. நீ நேர்ல ஒரு வார்த்த கேட்டு எழுது' என்று. நான் உன்னைக் கேட்கவே இல்லை. நீ பின்கட்டில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தாய், நான் உன்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, 'கேட்டேன், இங்கேயே இருக்கிறேன் என்கிறான்' என்று இன்லண்ட் கடிதத்தில் எழுதி, நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன். போட்டதும் திரும்ப எடுக்க முடியுமா என்று பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் நீ முசியே வீட்டுக்குப் போக மாட்டேன் என்றுவிட்டாய். "வெளையாடப் போவணும்" என்பாய். அவரும் உன்னைப் போனில் கேட்பதை விட்டுவிட்டார். பொங்கலுக்கு வருவார். நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "நல்லா படிக்கிறியா?" "படிக்கிறேன்" என்று விருந்தாளிகள்போலப் பேசிக்கொள்வீர்கள். நீ பார்க்காதபோது அவர் உன்னைப் பார்ப்பார். அவர் பார்க்காதபோது நீ அவரைப் பார்ப்பாய். நான் நடுவில் பலகாரத் தட்டோடு போய் வந்துகொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும், ஏழு பொங்கல் போயிற்று, சொல்லவில்லை. அப்புறம் அவர் அங்கேயே மஞ்சள்காமாலையில் போய்விட்டார். உனக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது, நானும் பெரியப்பாவும் மட்டும் பம்பாய்க்குப் போய் எல்லாம் முடித்துவிட்டு வந்தோம். அந்த அறையை நான் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரிகிறது. சுவரோரமாகப் பழைய இரும்புக் கட்டில்கள் இரண்டு கிடந்தன. பெரியப்பா, "ஒத்தையாளுக்கு எதுக்கும்மா ரெண்டு?" என்று கேட்டார்.

அந்த வாரம் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது நீ சொன்னாய், உனக்கு ஞாபகம் இருக்காது. "அவருக்கு நான் வேணும்னு இருந்திருந்தா ஒரு தடவையாவது என்னக் கூப்ட்டிருப்பாரும்மா." என் கையில் ரசக் கரண்டி இருந்தது. "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டேன்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். பயம்தான், வேறென்ன? நீயும் போய்விட்டால் யாருக்காக எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓடி வருவேன்? வேலையா புருஷனா என்று அவர் கேட்டபோது வேலைதான் என்று நான் வாய்த்துடுக்காகச் சொன்னதற்கு, அவர் உன்னைக் கொண்டுபோய்ப் பழி வாங்குகிறார் என்று அப்போது நினைத்தேன். அவர் மனசில் அப்படி ஒன்றும் இல்லை என்று அந்த இரண்டாவது கட்டிலைப் பார்த்தபோது தெரிந்தது. பம்பாய்க்கு அனுப்ப மாட்டேன் என்று பிடித்து வைத்தவள் பிரான்சுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகச் சிரி, நானே சிரித்துக்கொள்கிறேன். தனியாக இருக்க முடியவில்லை என்று அவர் சொன்னாரே, அது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். எதிரில் உட்கார்ந்து குறை சொல்ல ஆள் இல்லாமல் உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுதான்.

இப்போது உன் ஆறாம் பக்கம். சேதிகளுக்கு வரிசையாக எண் போட்டு அனுப்பினால், ஏழுக்கு அப்புறம் ஒன்பது வந்ததும் எட்டு விட்டுப்போனது தெரிந்துவிடும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். சரி. எட்டுதான் கடைசி என்றால்? அதற்கப்புறம் ஒன்பதே வராது என்றால்? வாங்க வேண்டியவனுக்கு ஏழோடு முடிந்தது என்றுதானே தோன்றும். தனக்கு ஒன்று அனுப்பினார்கள் என்பதே தெரியாதவன் எதைக் கேட்பான்? அனுப்பினவனோ, சத்தம் இல்லை, அப்படியானால் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வான். உன் பேராசிரியரிடம் இதைக் கேள். கணக்கில் இதற்கு ஏதாவது வழி இருக்கும், நீ கண்டுபிடிப்பாய். 'முடிந்தது' என்று கடைசியில் தனியாக ஒரு தடவை, ஒவ்வொருத்தரிடமும் சொல்லிவிட்டுப் போகச் சொல். பாதை அடைத்தாலும் அடைக்கட்டும்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் சொல்கிறேன், அம்மா என்று ஒருத்தி வேறு எதற்கு இருக்கிறாள்? ஒருத்தருக்கு மட்டும் சொல்ல வேண்டியதை நாலு பேர் நடுவில் சொல்லாதே. அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்டு அவள் பதில் சொல்லவில்லை என்றால், மாட்டேன் என்கிறாள் என்று நீயாக முடிவு செய்யாதே. பக்கத்தில் போய் இன்னொரு தடவை கேள். உன் அப்பா மூன்று தடவை கேட்டார், நாலாவது தடவை நேரில் வந்து கேட்டிருக்கலாம் என்று எனக்கு அவர்மேல்கூடக் கோபம் உண்டு. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சேதி சொல்ல யாரையும் வைத்துக்கொள்ளாதே. என்னையும்தான்.

அங்கே மேரியில், அதுதான் நகராட்சி ஆபீசில், கையெழுத்துப் போட்டு முடித்ததும் என்னையும் அத்தையையும் பெரியப்பாவையும் ஒரே போன் காலில் சேர்த்துப் பேசப் போவதாக எழுதியிருக்கிறாய், இப்போது அதற்கு வசதி வந்துவிட்டதாம், குரல் இறங்காதாம். அவர்கள் இரண்டு பேரிடமும் அப்படியே பேசு, சந்தோஷப்படுவார்கள். என்னை அதில் சேர்ப்பதும் தனியாகக் கூப்பிடுவதும், இதைப் படித்த பிறகு கூப்பிடவே கூடாது என்று நினைப்பதும் உன் இஷ்டம். நான் மணி பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பொய் சொன்னது போதும். ஆனால் மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்காக மட்டும் கூப்பிடாதே. அதைக் கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. உன் அப்பா உன்னைக் கூப்பிட்டார், கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார் என்பது உனக்கு வந்து சேர வேண்டும், அதற்குத்தான் எழுதினேன்.

கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்து யோசித்து உன்னை நீயே வதைத்துக்கொள்ளாதே. "வர்றேம்பா" என்றுதான் சொல்லியிருப்பாய். அன்றைக்கு அந்த வயர்கள்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே எனக்கு அது தெரியும். தெரியாமல் இருந்திருந்தால், அவர் கேட்டதை உனக்கு அப்போதே சொல்லியிருப்பேன்.

அம்மா